முதல் ஹை பவர் ராக்கெட்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவில் லெவல் 1 சான்றுக்காக (பெரிய மோட்டார்களைப் பறக்கவிட அனுமதி தரும் முதல் படி) முதல் ஹை பவர் ராக்கெட் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகள் சுருக்கமாக இவைதான். 18 வயது ஆகியிருக்க வேண்டும். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிப்போலி என்ற இரண்டு ராக்கெட் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். தன் கையால் கட்டிய ராக்கெட்டை எச் அல்லது ஐ வகை மோட்டாரில் (160 நியூட்டன்-வினாடிக்கு மேல், 640 வரை) ஏவி, பத்திரமாகத் தரையிறக்கி, மறுபடி பறக்கும் நிலையில்தான் இருக்கிறது என்று சான்று தருபவரிடம் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வெல்லாம் லெவல் 2-இல்தான்.

பேச வசதியாக ஒரு ராக்கெட்டை வைத்துக்கொள்வோம். 4 அங்குல அட்டைக் குழாய், அதாவது சுமார் 10 செ.மீ விட்டம். ஒன்றரை மீட்டர் நீளம். பிளைவுட் ஃபின்கள் (பறக்கும்போது நேராக வைக்கும் வால் தகடுகள்), 38 மி.மீ மோட்டார் குழாய், மோட்டாரோடு சேர்த்து 1.6 கிலோ. முதல் ராக்கெட்டுக்கு இதைவிட நல்ல அளவு இல்லை என்பது என் எண்ணம். கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் பறக்கும், கைக்கு அடக்கமாக வேலை செய்ய இடம் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் இதில்தான் போய் முடிகின்றன. எது உடைந்தாலும் முதலில் மனதில் வருவது "இன்னும் பலமாகக் கட்டியிருக்கணும்" என்பதுதான். உடனே எபோக்சியை இன்னும் தடிமனாகப் பூசுகிறோம், ஃபைபர்கிளாஸ் சுற்றுகிறோம். கூடுகிற எடை பெரும்பாலும் பின்பக்கம் போய்ச் சேர்கிறது, அது புதுக் கோளாறைக் கொண்டுவருகிறது. முதலில் எது நடந்தது என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் பசையைத் தொடுங்கள்.

மேசையிலேயே தெரிவது: ஸ்டெபிலிட்டி 1-க்குக் கீழே காட்டுகிறது

ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் வரைந்தபோது 1.6 காலிபர் காட்டியது, கட்டி முடித்து எடை போட்டுப் பார்த்தால் 0.9. இது மிகச் சாதாரணமாக நடப்பது. காற்றழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) எடை மையத்துக்குப் பின்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு, அதாவது ஒரு காலிபர், தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. காற்றழுத்த மையத்தை மென்பொருள் ராக்கெட்டின் வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறது. 1960-களில் ஜேம்ஸ் பாரோமன் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஏற்ற மாதிரி சுருக்கிக் கொடுத்த சமன்பாடுகள்தான் இன்றும் அதன் அடிப்படை. வடிவத்தை ஒழுங்காக உள்ளிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். எடை மையத்தை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் எவ்வளவு பசை பூசினீர்கள், எத்தனை கோட் பெயின்ட் அடித்தீர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது.

எனவே மோட்டார், பாராசூட், ஷாக் கார்டு (மூக்கையும் குழாயையும் இணைக்கும் நீளக் கயிறு) எல்லாம் உள்ளே இருக்க, பறக்கப் போகிற அதே நிலையில், ராக்கெட்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு எந்த இடத்தில் கிடையாக நிற்கிறது என்று குறியுங்கள். மென்பொருளில் உண்மையான எடையையும் உண்மையான எடை மையத்தையும் மேலெழுதுங்கள். இதற்குப் பிறகு வரும் எண்தான் கணக்கில் சேரும்.

எண்ணிக்கையில் பார்த்தால் புரியும். நம் ராக்கெட்டின் எடை மையம் மூக்கிலிருந்து 95 செ.மீ-இல் இருக்கிறது என்று வையுங்கள். 145 செ.மீ-இல், ஃபின் அடியில், கூடுதலாக 100 கிராம் எபோக்சி போட்டால் மையம் 3 செ.மீ பின்னால் நகரும். 10 செ.மீ குழாயில் அது 0.3 காலிபர். அதைச் சரிக்கட்ட மூக்குக் கூம்புக்குள் 65, 70 கிராம் எடை வைக்க வேண்டியிருக்கும். ஆக 100 கிராம் பசை, ராக்கெட்டில் 170 கிராமாக முடிகிறது. ஃபின் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே மோட்டார் குழாய் வரை போகும் அமைப்பாக இருந்தால் விரல் நுனி அளவு வளைவுப் பூச்சே போதும். அட்டையும் மரமும் சேரும் இடங்களில் நல்ல மரப்பசை (டைட்பாண்ட் மாதிரி) அட்டையைவிட வலுவாகவே பிடிக்கும்.

பசையே விட்டுப் போகிறது என்றால் அளவு காரணம் இல்லை, மேற்பரப்புதான் காரணம். குழாயின் பளபளப்பான மேல்தாளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தீர்களா, ஆல்கஹாலால் துடைத்தீர்களா என்று பாருங்கள். உடைந்த ஃபினின் அடியில் மழமழவென்று பசை மட்டும் இருந்தால் தேய்க்கவில்லை. அட்டைத் தாள் கிழிந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, அடிதான் அதிகம்.

பட்டனை அழுத்தியாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை

ஏவும் கருவியின் சாவியை எடுத்துவிட்டு 60 வினாடி காத்திருங்கள். விதியே அதுதான்; ஏவுதளப் பொறுப்பாளர் போகச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும்.

போய்ப் பார்க்கும்போது இக்னைட்டரின் (மோட்டாரைப் பற்றவைக்கும் மின்திரி) தலை எரிந்திருக்கிறதா இல்லையா என்பது முதல் கேள்வி. எரியவில்லை என்றால் பிரச்சினை மின்சாரத்தில். கிளிப்பில் கரி படிந்திருக்கும், அல்லது இரண்டு வெற்றுக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும், அல்லது ஒரு கம்பி ரெயிலில் (ராக்கெட்டை மாட்டி ஏவும் கம்பத்தில்) உரசிக்கொண்டிருக்கும். கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து, கம்பியைப் பலமுறை சுற்றி, இரண்டுக்கும் நடுவே டேப் ஒட்டினால் முடிந்தது.

எரிந்திருக்கிறது, மோட்டார் பிடிக்கவில்லை என்றால் இக்னைட்டர் மேலே வரை போகவில்லை. கலவை எரிபொருள் மோட்டாரை உச்சியில்தான் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் தீ உட்துளை முழுவதும் இறங்கி அழுத்தம் ஏறும். நாசிலுக்கு (வாயு வெளியேறும் அடிவாய்) பக்கத்தில் பற்றினால் வாயு கீழேயே வெளியேறிவிடும். "புஸ்... புஸ்..." என்று விட்டுவிட்டுப் புகைந்து, சில வினாடி கழித்து ஏறுகிற ராக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். மோட்டாருக்கு வெளியே இக்னைட்டரை நீட்டி வைத்து, நாசில் வரும் இடத்தில் கம்பியில் ஒரு குறி போடுங்கள். உள்ளே தள்ளிய பின் அந்தக் குறி நாசிலில் வந்து நிற்க வேண்டும். நாசில் மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை இல்லாவிட்டால் பற்றும்போது வரும் முதல் அழுத்தமே மூடியையும் இக்னைட்டரையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும்.

பழைய ரீலோடாக (திரும்பப் பயன்படுத்தும் உறைக்குள் நாமே போட்டுக் கட்டும் எரிபொருள் தொகுதி) இருந்து, எரிபொருளின் மேல் வெளிறிய படலம் தெரிந்தால், மெல்லிய உப்புத்தாளால் உட்துளையின் மேல்பகுதியை லேசாகத் தேய்ப்பது பலர் செய்யும் வழக்கம்.

ரெயிலை விட்டதும் சாய்ந்து போகிறது

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர்.

முதல் வகை: காற்று வரும் திசையை நோக்கி நிதானமாக, ஒரே வளைவாகத் திரும்பி, அந்தச் சாய்விலேயே நேராகப் போகிறது. இது நிலையான ராக்கெட்தான். ஃபின்கள் தங்கள் வேலையைச் செய்கின்றன, மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்புகின்றன. இரண்டாவது வகை: ரெயிலை விட்டு ஒன்றிரண்டு உடல் நீளம் போவதற்குள் தலை கீழாகி, எந்தத் திசை என்று இல்லாமல் சுழன்று, கரணம் அடிக்கிறது. இதுதான் நிலையற்ற ராக்கெட், மேலே சொன்ன எடை மையக் கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.

முதல் வகையைப் பார்த்துவிட்டு "ஸ்டெபிலிட்டி போதவில்லை" என்று மூக்கில் எடை ஏற்றுகிறவர்களை ஒவ்வொரு ஏவுதளத்திலும் பார்க்கலாம். அது அந்தச் சாய்வை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் ராக்கெட் இன்னும் மெதுவாகக் கிளம்பும்.

கிளம்பும் வேகம்தான் இங்கே முக்கியம். நம் 1.6 கிலோ ராக்கெட்டில் ஏரோடெக் நிறுவனத்தின் எச்128 போடுகிறோம் (29 மி.மீ மோட்டார், 38-க்குள் போட ஒரு அடாப்டர் வேண்டும்). பெயரில் உள்ள 128 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். எடையோடு ஒப்பிட்டால் 8 மடங்கு. ரெயிலில் அது உண்மையில் ஓடும் தூரம் ஒன்றரை மீட்டர் என்றால், வெளியேறும்போது வினாடிக்கு 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சரி, பொதுவாகச் சொல்லப்படும் 15 மீட்டருக்குப் பக்கம்தான். அதே ராக்கெட்டைப் பசையாலும் ஃபைபர்கிளாஸாலும் 2.5 கிலோவாக்கினால் உந்துவிசை 5 மடங்குதான், வெளியேறும் வேகம் 11 மீட்டர். விதிப்படி 3 மடங்கே போதும், 5 மடங்கு என்பது நடைமுறை விதி, காகிதத்தில் இரண்டுமே பாஸ். ஆனால் வினாடிக்கு 5 மீட்டர் குறுக்குக் காற்று அடிக்கும்போது (மணிக்கு 11 மைல், அப்படியொன்றும் பெரிய காற்று இல்லை) முதல் ராக்கெட்டுக்குக் காற்று 19 டிகிரியில் வந்து மோதுகிறது, இரண்டாவதுக்கு 24 டிகிரியில். அந்தச் சில டிகிரிதான் மேலே போவதற்கும் பக்கத்து வயலுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே செய்ய வேண்டியது: நீளமான ரெயில் கேளுங்கள், எடையைக் குறையுங்கள், தொடக்கத்தில் பலமாகத் தள்ளும், சீக்கிரம் எரியும் மோட்டார் எடுங்கள் (ஏரோடெக்கில் ப்ளூ தண்டர் எரிபொருள் அப்படிப்பட்டது), இல்லாவிட்டால் காற்று தணியும் வரை உட்காருங்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்று அடித்தால் ஏவவே கூடாது என்பது விதி, ஆனால் முதல் ராக்கெட்டுக்கு நான் 10-ஐத் தாண்டினாலே யோசிப்பேன். ஸ்டெபிலிட்டி 3, 4 காலிபர் என்று காட்டும் ஒல்லியான நீள ராக்கெட்டுகள் காற்றுக்கு அதிகமாகத் திரும்பும், அங்கே மூக்கிலிருந்து எடையை எடுப்பதுதான் தீர்வு.

ரெயில் பட்டன்களையும் (ரெயிலின் பள்ளத்தில் ஓட குழாயில் திருகிய குமிழ்கள்) ஒருமுறை பாருங்கள். ராக்கெட்டை ரெயிலில் ஏற்றி ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். எங்காவது பிடித்தால் இரண்டு பட்டன்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது முந்தைய ஏவல்களின் கரி ரெயிலில் ஒட்டியிருக்கிறது. பின் பட்டனின் திருகு சென்டரிங் ரிங்கில் (மோட்டார் குழாயை நடுவில் பிடிக்கும் வளையம்) இறங்கியிருக்க வேண்டும், வெறும் அட்டையில் அல்ல. முன் பட்டனை எடை மையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ரொம்ப மேலே கொண்டுபோனால் அது சீக்கிரமே ரெயிலை விட்டுவிடும், ஒற்றைப் பட்டனில் ராக்கெட் சாயத் தொடங்கும்.

உருளுகிறது, தலையைச் சுற்றுகிறது

தன் அச்சில் உருளுவது மட்டும் என்றால் ஏதோ ஒரு ஃபின் அரை டிகிரி கோணலாக ஒட்டியிருக்கிறது, விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. மூக்கு வட்டம் போட்டபடி திருகுச்சுருள் மாதிரிப் புகை விட்டுக்கொண்டு போனால் ஃபின் கோணலோடு ஸ்டெபிலிட்டியும் விளிம்பில் இருக்கிறது. அடுத்த முறை கெட்டி அட்டையில் ஃபின் வெட்டுகளோடு ஒரு வளையம் வெட்டி, பசை காயும் வரை குழாயில் மாட்டிவையுங்கள். இந்த வேகத்தில் 6 மி.மீ பிளைவுட் ஃபின் அதிர்ந்து உடையும் என்ற பயம் வேண்டாம். எச் மோட்டாரில் நம் ராக்கெட் ஒலியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

மேலே போகும்போதே இரண்டாகப் பிரிகிறது

எப்போது பிரிந்தது என்பதை வீடியோவில் பாருங்கள். மோட்டார் அணைந்த அதே கணத்தில் பிரிந்தால் காற்றின் இழுவைதான் காரணம்: ஃபின் உள்ள பின்பகுதி சட்டென்று வேகம் குறைகிறது, கனமான மூக்குப் பகுதி தன் வேகத்தில் போகப் பார்க்கிறது, தளர்வான இணைப்பு கழன்றுவிடுகிறது. மூக்கில் எடை ஏற்றியவர்களுக்கு இது அதிகம் நடக்கும்.

இன்னும் மேலே, மோட்டார் இல்லாமல் தன் வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிரிந்தால், உள்ளே அடைபட்ட காற்றைச் சந்தேகியுங்கள். 300 மீட்டர் உயரத்தில் வெளி அழுத்தம் தரையைவிட சுமார் 3.5 கிலோபாஸ்கல் குறைவு. 10 செ.மீ விட்டக் குழாயில் அது கிட்டத்தட்ட 3 கிலோ எடை அளவுக்கு மூக்கை வெளியே தள்ளும். பாராசூட் இருக்கும் பகுதியில் 3 மி.மீ துளை ஒன்று போட்டால் தீர்ந்தது. இந்தத் துளையை மறப்பதும், போட்டுவிட்டுப் பெயின்ட்டால் அடைப்பதும் சமமாக நடக்கிறது.

மூக்கின் இறுக்கத்துக்கு நான் நம்பும் சோதனை: எல்லாம் உள்ளே வைத்து, மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்குங்கள், கழலக் கூடாது; நன்றாக ஒரு குலுக்கு குலுக்கினால் கழல வேண்டும். தளர்வாக இருந்தால் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. இதை வீட்டில் செய்தது போதாது, ஏவுவதற்கு முன் அங்கேயும் செய்ய வேண்டும். அட்டைக் குழாய் காலை ஈரத்தில் உப்பும், மதிய வெயிலில் பிளாஸ்டிக் மூக்கு விரியும்.

பாராசூட் வரவில்லை

தலைகுப்புற வந்து மண்ணில் குத்தி நிற்கிறது. ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். பாராசூட்டை வெளித்தள்ளும் கருமருந்து இன்னும் வெடிக்காமல் உள்ளே இருக்கலாம். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், காத்திருங்கள், அப்புறம் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். குழாயின் எந்த முனைக்கும் நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

எடுத்த பிறகு குழாயின் உட்புறம்தான் சாட்சி. சுத்தமாக இருக்கிறது, கரி இல்லை, கருமருந்து வாசனையும் இல்லை என்றால் மருந்து வெடிக்கவே இல்லை. மோட்டாரின் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மருந்துக் கிண்ணம் காலியாக, கரியில்லாமல் இருந்தால் மருந்தைப் போடவே மறந்திருக்கிறது (ரீலோடு மோட்டார்களில் மருந்து தனிச் சிமிழில் வருகிறது, நாம்தான் கொட்டி மூட வேண்டும், பேச்சு சுவாரசியத்தில் மோட்டாரைக் கட்டினால் இது நடக்கும்). மருந்து அப்படியே இருந்தால் தாமதத் தூள் (மோட்டார் அணைந்த பின் சில வினாடி மெதுவாக எரிந்து மருந்தைப் பற்றவைப்பது) எரிந்து முடியவில்லை, அல்லது அதிலிருந்து மருந்துக்குப் போகும் சிறு வழி கிரீஸால் அடைபட்டிருக்கிறது.

குழாய் முழுக்கக் கரி, ஆனால் பாராசூட் உள்ளேயே இருக்கிறது என்றால் மருந்து வெடித்திருக்கிறது, தள்ள முடியவில்லை. மூக்கு இறுக்கம், அல்லது பாராசூட்டைக் கையால் குத்தித் திணித்திருக்கிறீர்கள். மடித்த பாராசூட்டைக் குழாயில் விட்டால் தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். குழாய் நீளமாக இருந்து, மோட்டாரிலிருந்து பாராசூட் வெகுதூரத்தில் இருந்தால் வாயு அந்த இடத்தையெல்லாம் நிரப்ப வேண்டும். அதற்கு மருந்தைக் கூட்டுவதைவிட, தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே வைத்துக்கொண்டு உள் இடத்தைக் குறைப்பது நல்லது.

வெளியே வந்தது, விரியவில்லை என்றால் மடிப்பைப் பாருங்கள். கயிறுகளைப் பாராசூட்டின் மேல் இறுக்கிச் சுற்றுவது கெட்ட பழக்கம். தீ தடுக்கும் நோமெக்ஸ் துணியில் பொதியும்போது தளர்வாக, ஒரு உதறலில் அவிழும்படி பொதிய வேண்டும். குளிர்காலக் காலையில் துணி ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள்.

பாராசூட் வந்தது, ஆனால் குழாய் கிழிந்துவிட்டது

குழாயின் வாயிலிருந்து கீழ்நோக்கி, கத்தியால் கிழித்த மாதிரி ஒரு கோடு. ஜிப்பர் என்பார்கள். முதல் ராக்கெட்டுகளில் இதைப் போல மனதை உடைப்பது வேறு இல்லை, மற்ற எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

காரணம் அட்டை பலவீனமானது என்பது இல்லை, ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாராசூட் வெளியே வந்ததுதான். உச்சியைத் தாண்டி விழத் தொடங்கிய ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் கூடுகிறது. நம் ராக்கெட் எச்128-இல் சுமார் 300 மீட்டர் போகும். மோட்டார் அணைந்து 6, 7 வினாடியில் உச்சி. அந்த மோட்டாரை எம் என்ற எழுத்தோடு வாங்கினால் தாமதம் 10 வினாடி. எஸ் என்றால் 6. எம் போட்டால் 3 வினாடி விழுந்த பிறகு, வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், பாராசூட் காற்றைப் பிடிக்கிறது. கயிறு குழாயை அறுக்காமல் என்ன செய்யும்? கடையில் எம்தான் இருந்தது என்றால் தாமதத் தூளைக் குறைக்கும் கருவி இருக்கிறது, 2 வினாடி கணக்கில் துளைத்து எடுக்கலாம்.

முன்னதாக வந்தாலும் இதே சேதம்தான், மேல்நோக்கிப் போகும் வேகத்தில். காற்றுக்குத் திரும்பிச் சாய்வாகப் பறந்த ராக்கெட்டுக்கு உச்சியிலும் பக்கவாட்டு வேகம் நிறைய இருக்கும், எனவே தாமதம் சரியாக இருந்தும் கிழியலாம். அப்போது குறை மேலே சொன்ன ரெயில் வேகத்தில் இருக்கிறது. தாமதத் தூளே ஓரிரு வினாடி முன்னே பின்னே எரிவது சாதாரணம் என்பதால் கொஞ்சம் பிழையைத் தாங்கும்படி கட்டுவதும் அவசியம். ஷாக் கார்டு ராக்கெட்டின் நீளத்தைப் போல 3 முதல் 5 மடங்கு இருக்கட்டும், நம் கணக்கில் 5 மீட்டருக்கு மேல். அதை மடிமடியாக மடித்து ஒவ்வொரு மடிப்பையும் மாஸ்கிங் டேப்பால் சுற்றினால், டேப்புகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து அதிர்வை உள்வாங்கும். மெல்லிய கெவ்லார் கயிறு குழாய் விளிம்பில் உரசும் இடத்தில் அகலமான நைலான் பட்டை வரும்படி அமைத்தால் அறுப்பது குறையும். குழாயின் வாயில் உட்புறம் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய சூப்பர் குளூ ஊறவைப்பதும் நல்லது, அதில் எடையே இல்லை.

பாராசூட்டில் ஓட்டை

சூடான துகள்கள் பட்டிருக்கின்றன. நோமெக்ஸ் துணி மோட்டார் பக்கம் பார்த்திருக்க வேண்டும், பாராசூட்டின் அடிப்பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

இறங்கும்போது ஃபின் உடைகிறது, அல்லது ராக்கெட் அடுத்த ஊருக்குப் போகிறது

இரண்டும் ஒரே கணக்கின் இரு முனைகள். வினாடிக்கு 5 முதல் 6 மீட்டர் இறங்கும் வேகம் நல்லது. நம் ராக்கெட் எரிபொருள் தீர்ந்து 1.5 கிலோ என்றால், தட்டையான பாராசூட் 115 செ.மீ வேண்டும், நன்றாகத் தைத்த அரைக்கோள வடிவம் 80 செ.மீ சொச்சம் போதும். கிட்டில் வந்த பாராசூட் நீங்கள் ஏற்றிய கூடுதல் எடைக்குக் கணக்குப் போட்டு வந்ததில்லை. ஃபின் உடைந்தால் முதலில் ராக்கெட்டை எடை போடுங்கள். ஃபினின் பின்மூலை குழாயின் அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் தரையில் மோதும். அடுத்த வடிவமைப்பில் அதை முன்னால் இழுத்துவிடுங்கள்.

300 மீட்டரிலிருந்து அந்த வேகத்தில் இறங்க 55 வினாடி ஆகும். 5 மீட்டர் காற்றில் 275 மீட்டர் நகரும், நடந்து போய் எடுத்துவிடலாம். ஐ மோட்டார் போட்டு 700 மீட்டர் போனால் 600 மீட்டருக்கு மேல் நகரும், அது மரங்களும் வேலிகளும் உள்ள கிழக்குக் கரை வயல்களில் பெரிய தூரம். நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. சான்றுக்கு எச் போதும், ஐ அடுத்த மாதம் பறக்கலாம். உயரம் வேண்டும்தான் என்றால், பாராசூட்டை ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவைத்து, குறித்த உயரத்தில் அவிழ்த்துவிடும் ஜாலி லாஜிக் நிறுவனத்தின் சூட் ரிலீஸ் கருவியைப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் பறப்பில் இன்னொரு இயந்திரத்தை நம்ப வேண்டுமா என்று யோசியுங்கள்.

மோட்டார் உறையைக் காணவில்லை

வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்போது பாராசூட்டுக்குப் பதிலாக மோட்டார் பின்னால் பறந்திருக்கிறது. மறை உள்ள அலுமினியப் பிடிப்பான் வாங்குங்கள், டேப் சுற்றி இறுக்குவதை முதல் ஹை பவர் ராக்கெட்டில் செய்யாதீர்கள். பிடிப்பானே கழன்று வந்துவிட்டதா? சாதாரண எபோக்சி சூட்டில் இளகும், அந்த ஒரு மூட்டுக்கு ஜேபி வெல்ட் மாதிரி வெப்பம் தாங்குவதைப் போடுங்கள். போடும்போது மறையில் வழியாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மோட்டார் வெடித்தது

துண்டுகளைப் பொறுக்குங்கள், ஒன்றையும் எறியாதீர்கள். தீ முன்பக்கமாகப் போயிருந்தால் முன் மூடியின் ஓ-ரிங் இல்லை, கிள்ளுப்பட்டிருக்கிறது, அல்லது தவறான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. உறையின் பக்கச் சுவர் எரிந்திருந்தால் உள்ளுறையைத் தாண்டி வாயு போயிருக்கிறது. எல்லாம் கையேட்டின்படியே இருந்தும் வெடித்தால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், நேஷனல் அசோசியேஷனின் சோதனைக் குழுவுக்கும் அறிக்கை அனுப்புங்கள். கெட்டுப்போன தொகுதி ஒன்று இருப்பது இப்படித்தான் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது. அடுத்த முறை மோட்டாரைத் தனியாக உட்கார்ந்து, கையேட்டை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக் கட்டுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, சான்று மட்டும் கிடைக்கவில்லை

சான்று தருபவர் கேட்பது ஒன்றுதான்: இப்போதே இன்னொரு மோட்டார் போட்டால் இது மறுபடி பறக்குமா? பெயின்ட் உரிந்தது, மூக்கில் மண் அப்பியது, ஃபின் முனையில் சின்ன நசுங்கல், இதெல்லாம் பிரச்சினை இல்லை. ஃபின் ஆடுகிறது, குழாய் கிழிந்திருக்கிறது, உறை தொலைந்துவிட்டது என்றால் இல்லை என்றுதான் சொல்வார். வாதாட வேண்டாம். கிழிசல் இரண்டு மூன்று செ.மீ-தான் என்றால் அந்த நீளத்தை நேராக வெட்டி எடுத்துவிட்டு, மூக்கை மறுபடி பொருத்தி, எடை மையத்தை மறுபடி அளந்து, தாமதத்தை மாற்றிக்கொண்டு அதே ராக்கெட்டில் அடுத்த ஏவுநாளுக்கு வரலாம். ஃபின் ஆடினால் பழைய பசை முழுவதையும் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், அதன் மேலேயே பூசாதீர்கள். வரும்போது ராக்கெட்டோடு உண்மையான எடை, எடை மையம், காற்றழுத்த மையம், எதிர்பார்க்கும் உயரம், தாமதம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாதுகாப்புச் சோதனை மேசையில் கேட்கப்போவதும் அவைதான்.